நான் அளந்த இருநூற்றுப் பதினான்கு வீடுகள்

விண்ணப்பத்தோடு ஒன்பது பக்கப் பட்டியல் ஒன்றை இணைத்திருந்தேன். திகதி, தெரு, மாடி, லிஃப்ட் உண்டா இல்லையா, சதுர மீற்றர், சுவர்களின் நிலை. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு வீடுகள். முதலாவது வீட்டுக்கு எதிரே ஒக்ரோபர் 4, செவ்வாய் என்று இருக்கும். கடைசி வீட்டுக்கு எதிரே ஒக்ரோபர் 16, வியாழன். இடையில் மூன்று வருடமும் பன்னிரண்டு நாட்களும். மகள் கணினியில் தட்டித் தந்தாள். நான் என்னுடைய கொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் வாசித்துச் சரிபார்த்தேன். ஒரு திகதியும் பிசகவில்லை.

இங்கே இத்தாலியில் வங்கி வீட்டுக்கடன் கொடுக்குமுன் அந்த வீட்டின் பெறுமதி என்ன என்று ஓர் அறிக்கை கேட்கும். அப்படி அறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. அதற்கு ஒரு பரீட்சை. அந்தப் பரீட்சைக்கு உட்காருவதற்கே மூன்று தகுதிகள் வேண்டும்: பள்ளிப்படிப்பு முடித்த சான்று, மதிப்பீட்டுப் பாடநெறி ஒன்று, மூன்று வருட வேலை அனுபவம். மூன்றாவதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. மற்ற இரண்டையும் நான் தேடிப் பெறவேண்டியிருந்தது. அனுபவம்தான் ஏற்கெனவே என்னிடம் இருந்தது என்று நினைத்தேன்.

நான் திகதிகளை எழுதிவைக்கப் பழகியது பலெர்மோவுக்கு வந்த முதல் வருடத்தில். அகதி விண்ணப்ப விசாரணைக்கு எங்களோடு அதே கிழமையில் போன ஒருவர், தன் அண்ணன் பிடிபட்ட மாதத்தை முதல்முறை மாசி என்றும் இரண்டாம்முறை பங்குனி என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவர் வன்னியில் ஒரு பதுங்குகுழிக்குள் இருந்தவர். பதுங்குகுழிக்குள் யாரும் கலண்டர் மாட்டுவதில்லை. அவருடைய விண்ணப்பம் திரும்பி வந்தது. நானும் அதே குழிகளுக்குள் இருந்தவள்தான். என்னிடமும் மாதங்கள் குழம்பித்தான் கிடந்தன. என்னைக் கேட்ட கேள்விகள் தற்செயலாக எனக்குத் தெரிந்த திகதிகளைப் பற்றியவையாக இருந்தன. அவ்வளவுதான் வித்தியாசம். அன்று வெளியே வந்து, ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கோடுபோட்ட கொப்பி ஒன்று வாங்கினேன். அதன்பிறகு எழுதாத நாள் இல்லை. இப்போது இருபத்தாறாவது கொப்பி நடக்கிறது. சரித்திரப் புத்தகங்கள் நிறைய வாசிக்கிறவள் நான். நகரசபை நூலகத்தில் இத்தாலிய மொழியில் எடுத்து, அகராதியோடு உட்கார்ந்து வாசிப்பேன். திகதியோடு எழுதிவைக்கப்பட்டது நடந்தது, எழுதாமல் விடப்பட்டது நடந்ததா என்று தெரியாது: அந்தப் புத்தகங்களிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். இதை நான் மிகவும் நம்பினேன்.

வேலை தொடங்கிய கதையைச் சொல்லவேண்டும். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு தெருவில் வயதான சிஞ்ஞோரா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வீட்டு நடைபாதையின் இடப்பக்கம் அவருடைய அறைகள். வலப்பக்கம் அவருடைய மகனின் அலுவலகம். மகன் ஜெயோமெத்ரா. அதாவது நிலம் அளப்பது, கட்டட வரைபடம் கீறுவது, வீடுகளுக்கு மதிப்புப் போடுவது என்று எல்லாம் பார்க்கிற, பதிவு பெற்ற தொழில்வல்லுநர். இந்த ஊரில் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். டொக்டரை டொக்டர் என்பதுபோல ஜெயோமெத்ரா என்றே கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். அறுபத்துநான்கு வயது, வலது முழங்கால் தேய்ந்தவர். பலெர்மோவின் பழைய கட்டடங்களில் லிஃப்ட் இராது, இருந்தால் ஓடாது, ஓடினால் அதற்கு ஒரு திறப்பு வேண்டும், திறப்பு வைத்திருப்பவர் கடலுக்குப் போயிருப்பார்.

அந்த ஒக்ரோபர் 4ஆம் திகதி சிஞ்ஞோராவை மருத்துவரிடம் காட்டிவிட்டு மூவரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் சீசா என்ற பகுதியில் ஒரு வீட்டை ஜெயோமெத்ரா பார்க்கவேண்டியிருந்தது. ஐந்தாம் மாடி. அவர் படிகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அளவுநாடாவையும் ஒரு கடதாசியையும் என் கையில் தந்து, ஒவ்வோர் அறையிலும் நீளம் அகலம் மட்டும் எடுத்துவரச் சொன்னார். நான் உயர்தரத்தில் கணிதம் படித்தவள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை.

இறங்கி வந்து கடதாசியைக் கொடுத்தேன். பின்னறையில் அலுமாரிக்குப் பின்னால் வரெக்கினா மணக்கிறது என்றும் சொன்னேன். வரெக்கினா என்பது இங்கே வீடு வீடாக நாங்கள் தரை துடைக்கிற வெளுப்புத் தண்ணீர். தரையில் ஊற்றினால் ஒரு மணித்தியாலத்தில் அந்த மணம் போய்விடும். சுவரில் பூஞ்சணத்தின்மேல் அடித்து, அதன்மேல் வெள்ளை பூசினால் மூன்று நாள் நிற்கும்.

"அலுமாரியை இழுத்துப் பார்க்க யார் சொன்னது?" என்று கேட்டார்.

அலுமாரிக்குப் பின்னால் பார்க்காமல் நான் ஒரு வீட்டையும் விட்டதில்லை என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கடதாசியில் ஏதோ எழுதினார். அடுத்த கிழமை இன்னொரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அதற்கடுத்த கிழமை இரண்டு வீடுகள். காலையில் சிஞ்ஞோராவைக் குளிக்கவார்த்துச் சாப்பாடு கொடுத்துவிட்டு, பதினொரு மணிக்கு அளவுநாடாவோடு போவேன். அவர் கீழே ஏதாவதொரு பாரில் கோப்பியோடு உட்கார்ந்திருப்பார். நான் மேலே ஏறுவேன். பல்கனியின் பரப்பில் ஒரு பங்கைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும், முழுவதையும் அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். பதிவிலுள்ள வரைபடத்தையும் கண்ணுக்கு முன்னாலிருக்கும் வீட்டையும் ஒப்பிடப் பழகினேன். அவை இரண்டும் பொருந்திய வீடு என் பட்டியலில் பதினேழுதான். மற்ற வீடுகளில் பல்கனியைக் கண்ணாடியால் அடைத்துக் குசினியாக்கியிருப்பார்கள். குசினியை அறையாக்கியிருப்பார்கள். அறையைப் பெரிதாக்க இடையிலிருந்த சுவரையே எடுத்திருப்பார்கள். கேட்டால், வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்பார்கள்.

ஒரு தடவை கதவைத் திறந்த வீட்டுக்காரி என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் வாளியையும் துடைப்பானையும் கொண்டுவந்து வைத்தாள். பிந்தி வந்ததற்காக என்னை ஏசவும் செய்தாள். அவளுடைய துப்பரவுக்காரி அன்று வரவில்லை போலும். நான் வங்கியின் அறிக்கைக்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும் அவளுடைய முகம் போன போக்கை ஜெயோமெத்ராவுக்குச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தோம். அது எண்பத்தொன்பதாவது வீடு. மார்ச் மாதம், ஒரு வியாழன்.

ஆனால் அதற்கு முன்பே பிழை நடந்து முடிந்திருந்தது.

நான் அளக்கத் தொடங்கி நாலு மாதத்தில், பெப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை, சிஞ்ஞோரா காலமானார். அதுவரை கடதாசியில் நான் அவருடைய வீட்டு வேலைக்காரி. அது உண்மையாகவும் இருந்தது. அவர் போனபின் அந்த வேலை ஒப்பந்தமும் முடிந்தது. பெப்ரவரி 20, திங்கள், ஜெயோமெத்ரா என்னை அலுவலக அறைக்குள் கூப்பிட்டார். நீங்கள் செய்வது இனி அலுவலக வேலை, அலுவலக உதவியாளர் என்றே ஒப்பந்தம் போடுவோம், கணக்காளரிடம் சொல்லிவிடவா என்று கேட்டார். இந்த வசனங்களைக் கொப்பியில் அப்படியே எழுதியிருக்கிறேன். அவராகவே கேட்டார்.

நான் ஒரு நாள் தவணை கேட்டேன். எங்களுடைய பெர்மெசோ, அதாவது இங்கே தங்கியிருக்கும் அனுமதி, அப்போது வேலையை அடிப்படையாகக் கொண்டதாக மாறிவிட்டிருந்தது. அதைப் புதுப்பிக்க ஏப்ரல் 5ஆம் திகதி குவெஸ்தூராவில், அதாவது பெர்மெசோ கொடுக்கும் பொலிஸ் தலைமையகத்தில், சந்திப்பு. ஆறு கிழமை இருந்தது. அன்று பின்னேரமே ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஆட்களின் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே கறித்தூளும் போன் கார்ட்டும் விற்கிற அண்ணை ஒருவர், பின்பக்கத்து மேசையில் எங்கள் சனத்துக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுப்பார். பலெர்மோவில் எங்களில் முக்கால்வாசிப் பேரின் பிறந்த திகதி அவருக்கு மனப்பாடம்.

நான் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் அவர் கேட்டார்:

"குவெஸ்தூராவிலை எப்ப?"

"ஏப்ரல் அஞ்சு."

"அப்ப என்ன விசர்க்கதை கதைக்கிறியள், தங்கச்சி? பெர்மெசோ கையிலை வரும்வரைக்கும் வேலைக் கொந்திராத்தோவிலை கை வையாதேங்கோ. வேலையை மாத்தினால் அவன் முதல் கேக்கிறது ஏன் மாத்தினனீங்கள் எண்டுதான். பிறகு அதுக்கொரு கடதாசி, அந்தக் கடதாசிக்கு இன்னொரு கடதாசி."

வேலையே அதுதானே அண்ணை, அளக்கிற வேலைதானே செய்யிறன் என்றேன்.

"எங்கடை கோயில்லை நாதஸ்வரம் ஊதுறவர் கடதாசியிலை ஆர் தெரியுமோ? தொண்ணூறு வயசுக் கிழவருக்குச் சாப்பாடு தீத்துறவர். கிழவர் இருக்கும்வரைக்கும்தான் எங்களுக்கு மேளம். நீங்கள் அளவுங்கோ, ஆர் வேண்டாமெண்டது? கடதாசியைக் குழப்பாதேங்கோ."

கடையில் நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது புதிதல்ல. எங்களில் உணவகத்தில் பொரிக்கிறவரும் கடதாசியில் வீட்டு வேலைக்காரர், தையல் வேலை செய்கிறவரும் வீட்டு வேலைக்காரர். கடதாசி வேறு, வேலை வேறு. கடதாசி எங்களை இந்த நாட்டில் வைத்திருக்கிற பொருள், அதைத் தொடக்கூடாது. இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகியது.

அடுத்த நாள் ஜெயோமெத்ராவிடம், வீட்டு வேலை ஒப்பந்தமே இருக்கட்டும், உங்கள் பெயருக்கு மட்டும் மாற்றிவிடுங்கள் என்றேன். இரண்டு தடவை கேட்டார், நிச்சயமா, நிச்சயமா என்று. பிறகு உங்கள் விருப்பம் என்றார். அவருக்கும் அது இலகுவாகத்தான் இருந்தது.

யூலையில் பெர்மெசோ வந்தது. இனி மாற்றலாம் என்று நினைத்தேன். அதற்குள் கணவருடைய பெர்மெசோவுக்குச் சந்திப்பு வந்தது. பிறகு மகளுக்குப் பதினான்கு முடிந்து தனிக் கடதாசி எடுக்கவேண்டி வந்தது. பிறகு எனக்கு மறுபடியும் புதுப்பிக்கும் காலம். எங்களுக்கு எப்போதும் ஏதாவதொரு சந்திப்பு முன்னால் இருக்கும். மூன்று வருடத்தில் கடதாசியைத் தொடக்கூடிய ஒரு மாதமும் எனக்குத் தென்படவில்லை.

இந்த வருடம் வசந்தத்தில் ஜெயோமெத்ரா தன் மருமகனிடம் அலுவலகத்தை ஒப்படைத்துவிட்டு டிசம்பர் கடைசியோடு ஓய்வெடுக்கப்போவதாகச் சொன்னார். சகோதரியின் மகன், முப்பத்திரண்டு வயது, இரண்டு கால்களும் நன்றாக இருப்பவர். எனக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவர்தான் அந்தப் பரீட்சையைப் பற்றிச் சொன்னார். ஜெயோமெத்ராவாக இல்லாதவர்களும், பள்ளிப்படிப்பும் பாடநெறியும் அனுபவமும் இருந்தால், அதை எழுதலாம் என்றார். சுவரைப் பார்ப்பதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரி, உங்களுக்கு ஒரு கையொப்பம்தான் குறை என்றார்.

நாற்பத்தாறு வயதில் ஒருவர் இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நான் இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டேன்.

என் உயர்தரச் சான்றிதழ் யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஒரு பையோடு போனது. கொழும்பிலுள்ள தங்கை எத்தனையோ வரிசைகளில் நின்று பிரதி எடுத்தாள். அதை மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, இத்தாலியப் படிப்புக்கு இது சமன் என்று ஒரு கடதாசி பெற்று, அது தபாலில் வந்து சேர்ந்தபோது ஓகஸ்ட் 28. வியாழன். இதற்கிடையில் சனிக்கிழமைகளில் கணினியில் மதிப்பீட்டுப் பாடநெறியையும் முடித்தேன். படிவக் கடை அண்ணை அந்தச் சமன் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது கிடைச்சால் எல்லாம் கிடைச்ச மாதிரி என்றார். அன்று அவர் என்னிடம் பிரதிக்குக் காசு வாங்கவில்லை.

ஒக்ரோபர் 20, திங்கள், விண்ணப்பம் போனது. பரீட்சை டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை, பொலிதேயாமாவுக்குக் கிட்ட ஒரு ஹோட்டல் மண்டபத்தில். அந்தத் திகதியைக் கொப்பியில் முன்கூட்டியே எழுதினேன். வரப்போகும் நாளை நான் எழுதுவது வழக்கமில்லை.

நவம்பர் 3, திங்கள், பதில் வந்தது. மரியாதையான கடிதம். படிப்பும் பாடநெறியும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. இணைத்திருக்கும் வீடுகளின் பட்டியல் விண்ணப்பதாரரே தயாரித்தது, ஆகவே அதை அனுபவத்துக்கான ஆதாரமாக எடுக்கமுடியாது. இவற்றில் ஒன்று வேண்டும்: விண்ணப்பதாரரின் பெயர் உள்ள மதிப்பறிக்கைகள், அல்லது வேலை கொடுத்தவரின் எழுத்துமூல உறுதியும், அதோடு பொருந்துகிற சமூகப் பாதுகாப்புப் பங்களிப்புப் பத்திரமும். பதினைந்து நாள் அவகாசம்.

அறிக்கைகளில் என் பெயர் இல்லை. இருநூற்றுப் பதினான்கிலும் அடியில் இருப்பது ஜெயோமெத்ராவின் கையொப்பம். ஆகவே பங்களிப்புப் பத்திரத்தைக் கணினியிலிருந்து எடுத்துத் தரும்படி மகளிடம் கேட்டேன். அவள் திரையைப் பார்த்தாள், கீழே கீழே தள்ளிப் பார்த்தாள்.

"அம்மா, இதிலை முழுக்க லவோரோ தொமெஸ்திகோ எண்டுதான் கிடக்கு."

வீட்டு வேலை. எனக்கு அது தெரியாதா? நானே கேட்டு வாங்கியது. ஆனால் மூன்று வருடம் ஒவ்வொரு மாதமும் அதே இரண்டு சொற்களாக வரிசையில் நிற்பதை அன்றுதான் கண்டேன்.

"நீங்கள் இதை அனுப்பினால் அவையள் நினைப்பினம் நீங்கள் பொய் சொல்லுறியள் எண்டு," என்றாள் மகள். பிறகு, "உங்கடை கொப்பியளைக் காட்டேலாதா? எல்லாத்திலையும் டேட் இருக்குத்தானே," என்று கேட்டாள். அவளுக்குப் பதினாறு வயது. அதைக் கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கணவர் கட்டடங்களில் படிக்கட்டுத் துடைக்கிறவர். பின்னேரம் வந்ததும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏறினது நீர், அளந்தது நீர், கையெழுத்து அந்தாள். எங்கடை சனத்துக்கு இதென்ன புதுசே?"

"அந்தாள் தாறன் எண்டு கேட்டவர். நான்தான் வேண்டாமெண்டனான்."

"நானும்தான் சொன்னனான், தொடாதையும் எண்டு."

அவர் சொன்னது உண்மை. அந்தப் பெப்ரவரி 20ஆம் திகதிப் பக்கத்தில் அதுவும் இருக்கிறது. அவர் சொல்லியிருக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். ஒருவரையாவது குறை சொல்லியிருக்கலாம். இப்போது இருவரும் சமமாகப் பிழைவிட்டவர்களாக ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம்.

நவம்பர் 6, வியாழன் காலை ஜெயோமெத்ராவிடம் போனேன். உறுதிக் கடிதம் ஒன்றுதானே, எழுதினால் போயிற்று என்று உடனே கடதாசியை எடுத்தார். எழுதத் தொடங்கவும் செய்தார். இரண்டு வரிக்குப் பிறகு நிறுத்தி, எதற்கும் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று போனை ஒலிபெருக்கியில் போட்டார். எதிர்ப்பக்கத்தில் ஒரு பெண் குரல். அவர் பேசப் பேச நடைபாதைக்கு அப்பால் சிஞ்ஞோராவின் பூட்டிய அறைக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்காளர் சொன்னதன் சாரம் இது. அந்தக் கடிதத்தை எழுதினால், மூன்று வருடம் அலுவலக வேலை செய்தவரை வீட்டு வேலைக்காரி என்று பதிந்ததாக நீங்களே எழுத்தில் ஒப்புக்கொள்கிறீர்கள். யாராவது கேட்டால் முதலில் உங்களைக் கேட்பார்கள். பிறகு அந்த அம்மாவையும் கேட்பார்கள். அவருடைய பெர்மெசோ எந்த ஒப்பந்தத்தின்மேல் நிற்கிறது? வீட்டு வேலை ஒப்பந்தத்தின்மேல். நடக்காமலும் போகலாம். ஆனால் நடக்காது என்று நான் சொல்லமாட்டேன்.

போனை வைக்குமுன் இன்னொன்றும் சொன்னார். ஒப்பந்தத்தை அன்றைக்கே மாற்றியிருந்தால் ஒரு நாள் வேலைதான். பெர்மெசோவுக்கு ஒரு பாதிப்பும் வந்திராது. குவெஸ்தூரா பார்ப்பது வேலை இருக்கிறதா என்பதை, அது என்ன வேலை என்பதை அல்ல.

அவர் அதை ஒரு தகவலாகத்தான் சொன்னார். நான் கதிரையில் இருந்தேன். ஆறு கிழமை. கறித்தூள் கடை. நாதஸ்வரக்காரரின் பகிடி. எல்லோரும் சிரித்தது.

ஜெயோமெத்ரா பேனையை எடுத்தார். "நான் எழுதுகிறேன். வருவது வரட்டும். உண்மைதானே இது," என்றார்.

அந்த நேரம் நான் நினைத்ததைச் சரியாக எழுதவேண்டும். அவருக்கு வரக்கூடிய தண்டனையை நினைக்கவில்லை. என் பெயரை நினைத்தேன். அதன்கீழ் கணவரின் பெயர், மகளின் பெயர். ஒரு கேள்வி வந்தால் எந்த வரிசையில் வரும் என்று நினைத்தேன். மாசியா பங்குனியா என்று கேட்கப்பட்ட அந்த மனிதரை நினைத்தேன்.

"எழுதவேண்டாம், ஜெயோமெத்ரா," என்றேன்.

அவர் நிச்சயமா என்று கேட்டார். இந்தத் தடவை ஒரு முறைதான் கேட்டார். பேனையின் மூடியை நான் எதிர்பார்த்ததைவிடக் கெதியாகப் போட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. இரண்டு தடவையும் அவர்தான் தர வந்தார், இரண்டு தடவையும் வேண்டாம் என்றவள் நான். எழுதிய இரண்டு வரிகளும் என்ன என்று பார்க்க ஆசையாக இருந்தது. அவர் அந்தக் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 18 கடந்தது. 20ஆம் திகதி, வியாழன், விண்ணப்பம் முழுமையற்றது என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. தகுதி கிடைத்தபின் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது. தகுதி என்றால் இன்றிலிருந்து மூன்று வருடம், சரியான கடதாசியோடு. அப்போது எனக்கு நாற்பத்தொன்பது, ஐம்பது.

இதைக்கூட முயன்றேன் என்று பதிவுசெய்கிறேன். டிசம்பர் 9, செவ்வாய், ஜெயோமெத்ராவின் மருமகன் என்னைக் கூப்பிட்டு, தன்னோடும் தொடர்ந்து வேலை செய்ய விருப்பமா, எல்லாம் பழையபடியே இருக்கட்டுமா என்று கேட்டார். அவருக்குக் கால்கள் நன்றாக இருந்தாலும் ஐந்து மாடி ஏற நேரமில்லை. நான் இரண்டு விஷயம் கேட்டேன். ஒப்பந்தம் அலுவலக வேலைக்கானதாக வேண்டும். அறிக்கையில் அளந்தவர் என்று என் பெயர் ஒரு வரியில் வேண்டும். அவர் எரிச்சல்படவில்லை. அலுவலகம் முதலில் என் கைக்கு வரட்டும், பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்று சொல்லப்பட்ட எதையும் இந்த ஊரில் யாரும் பார்த்து நான் அறியேன். பிறகு, 12ஆம் திகதி வெள்ளிக்கிழமை சீசாவில் ஒரு வீடு இருக்கிறது, நீங்களே போய்வந்துவிடுங்கள் என்று விலாசத்தைத் தந்தார். திகதியை அவர் கவனித்திருக்க வாய்ப்பில்லை.

அந்த வீடு எங்கள் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளி. காலை ஒன்பதரைக்கு மணியை அடித்தேன். பரீட்சை ஒன்பது மணிக்குத் தொடங்கியிருக்கும். கதவைத் திறந்தது எங்கள் பெண் ஒருத்தி, முப்பது வயது இருக்கும், இடுப்பில் பிள்ளை. வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டுச் சொந்தக்காரர் விற்கப்போகிறார். என்னைக் கண்டதும் அவளுடைய முகம் மாறியது.

"அக்கா, நீங்களே? வங்கியாலை மதிப்புப் போட ஆள் வருமெண்டு சொன்னவை. நீங்களோ அந்த ஆள்?"

அவள் கேட்ட விதத்தில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. எங்களில் ஒருத்தி இப்படியும் வரலாமா என்பதுபோல. ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் படிக்கட்டில் யாரும் பத்திரம் கேட்கப்போவதில்லை.

"இல்லைப் பிள்ளை. நான் அந்த ஜெயோமெத்ராவிட்டை வீட்டு வேலை செய்யிறன். அளந்துகொண்டு வரச்சொன்னவர்."

"ஓ," என்றாள். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "அப்ப இருங்கோ, தேத்தண்ணி போடுறன்," என்றாள். மதிப்புப் போடும் ஆளாக இருந்திருந்தால் கோப்பி தந்திருப்பாள் என்று நினைக்கிறேன். வீட்டில் நல்ல கோப்பைகள் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவை அப்படியே இருக்க, எனக்கு எவர்சில்வர்க் குவளையில் தேத்தண்ணி வந்தது. நல்ல தேத்தண்ணி. இருவரும் குசினியில் நின்றுகொண்டே குடித்தோம். பிள்ளை என் கையிலிருந்த லேசர் அளவுகருவியின் சிவப்பு வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்த்தது.

பின்னறைக்குப் போனேன். அலுமாரியில் கை வைத்ததும் அவள் பின்னால் வந்தாள். சொந்தக்காரர் நேற்று வரெக்கினாவும் வெள்ளைப் பூச்சும் வாங்கித் தந்து அடிக்கச் சொன்னதாகவும், தான்தான் அடித்ததாகவும் சொன்னாள். அதை எழுதவேண்டாம் என்று அவள் கேட்கவில்லை. வீட்டு வேலைக்காரி என்ன எழுதுவாள் என்று நினைத்திருப்பாள்.

நான் எழுதினேன். நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. அறுபத்தெட்டு சதுர மீற்றர். பதிவு வரைபடத்தோடு பொருந்துகிறது. அப்படிப் பொருந்திய பதினெட்டாவது வீடு. பின்னறை வடக்குச் சுவரில் ஈரம், மேலே புதுப் பூச்சு. பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு முடித்தேன். பின்னேரம் கடதாசியை மருமகனின் மேசையில் வைத்தேன். அவர் தன் பெயரில் அதைத் தட்டத் தொடங்கினார்.

கொப்பியிலும் எழுதினேன். டிசம்பர் 12, வெள்ளி என்று அந்தப் பக்கத்தின் தலைப்பில் ஏற்கெனவே இருந்தது. அதன்கீழ் இரண்டு மாதத்துக்கு முன் நான் எழுதிய ஒரு சொல் இருந்தது: பரீட்சை. அதை வெட்டவில்லை. எழுதியதை வெட்டுவது என் வழக்கமில்லை. அதற்கு அடுத்த வரியில் என் கணக்கில் அந்த வீட்டின் இலக்கத்தைப் போட்டேன். 231.